அதாவது, உள்ளி

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை. எங்கள் லேனில் மாடு வைத்திருக்கும் ஒரே மனிதரான கந்தையா அண்ணை, பெரிய சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் புறப்பட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் சாக்கோடு கடைக்குப் போகிற காலமா இது? உலகச் சண்டை முடிந்தும் க்யூ முடியவில்லை. கூப்பனை நீட்டினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பொட்டலம்தான் வரும். பிறகு சாக்கு எதற்கு?

"என்ன அண்ணை, கடையையே கட்டிக்கொண்டு வரப் போறியளோ?" என்று கேட்டேன்.

"உமக்குத் தெரியாதே? நேத்து ரேடியோவில சொன்னவை. இண்டைக்குக் கடையில பூண்டு குடுக்கினமாம். புல்லோ பூண்டோ, எது குடுத்தாலும் என்ர மாடு தின்னும்."

போன சாக்கு கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அதன் ஒரு மூலையில் சின்னதாக ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் — உள்ளி!

ஆம், நாம் உள்ளி என்கிறோமே... உரித்தால் கையெல்லாம் மணக்குமே... அதேதான். ரேடியோ அதைப் 'பூண்டு' என்றது. கடல் தாண்டினால் அதற்கு அதுதான் பெயர், தப்பில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் பூண்டு என்றால் முற்றத்தில் முளைக்கிற களை. பிடுங்கி எறிகிற சாமான். அதை வாங்க யார் க்யூவில் நிற்பார்கள்?

பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் போய் வாங்கிவிட்டது. அவர்களுக்குச் சிங்களத்தில் 'சுதுலூனு' என்று பச்சையாகச் சொன்னார்கள். எங்கள் லேன் தமிழர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு ரேடியோ கேட்டோம். அத்தனை பேருக்குமாகச் சேர்த்து உள்ளி கிடைத்தது — ஒரு மாட்டுக்கு.

நாங்கள் ஓடிப் போவதற்குள் கடையில் தீர்ந்துவிட்டது. மாட்டின் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பெரியம்மா வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. அவருடைய இளைய மகள் தங்கம் அப்போதுதான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்க வேண்டும். உள்ளி போடாத பத்தியக் கறி பெரியம்மாவின் அகராதியில் கறியே இல்லை... மிளகு போட்ட வெந்நீர். வீட்டிலிருந்த கடைசி உள்ளிப் பல்லும் முதல் நாளே தீர்ந்திருந்தது.

இன்னும் ஒரு சங்கதி உண்டு. ரேடியோவில் அந்த அறிவிப்பை வாசித்த குரல் யாருடையது தெரியுமா? பெரியம்மாவின் மூத்த மகள் புஷ்பம் அக்காவுடையது!

(பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றி என்ன பயன்? கொழும்பு ரேடியோவில் தமிழ் வாசிக்கிற பெண்கள் என்ன, மலிந்தா கிடக்கிறார்கள்?)

கந்தையா அண்ணையின் முடிச்சைக் கண்டதும் பெரியம்மா அறைக்குள் போனார். புஷ்பம் அக்காவின் போர்வையை உருவினார்.

"ஏனடி, நீதானே வாசிச்சனி?"

"ஓமம்மா, நான்தான் வாசிச்சனான். நீங்கள் ரேடியோவுக்குப் பக்கத்திலதானே இருந்திருப்பியள்?"

"இருந்தனான். நீ பூண்டு எண்டனி. கந்தையற்ற மாட்டுக்கு நல்ல காலமெண்டு நினைச்சுக்கொண்டு வெத்திலையைப் போட்டன்."

"ஸ்கிரிப்டில அப்பிடித்தானம்மா இருந்தது..."

"அப்ப அந்த ஸ்கிரிப்டை அவிச்சு உன்ர தங்கச்சிக்குக் குடு!"

கந்தையா அண்ணை நல்ல மனிதர். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். அன்றைய கறிக்கு அது போதும். அக்கா அந்த உள்ளியை உரித்தபடியே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள். சின்ன வயதிலிருந்தே நான் பார்த்த வானிலை அது.

என் ரேடியோப் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தப் பத்திரிகைப் பத்தியில் அதைப் பற்றி நான் எழுதாத வாரங்களை எண்ணிவிடலாம். அந்தப் பைத்தியம் பிடித்த இடம் கொட்டாஞ்சேனை. அங்கே ஷெரீப் நானாவின் தேத்தண்ணிக் கடை. ரேடியோ என்கிற சாமான் இந்த ஊருக்கு வந்த புதிதில், நானாவின் வாப்பா ஒரு கிறிஸ்டல் செட் வைத்திருந்தார். ஒலிபெருக்கி கிடையாது. காதில் மாட்டுகிற ஹெட்ஃபோன்தான். ஒரு ஹெட்ஃபோனுக்கு இத்தனை காதா? வாப்பா என்ன செய்தார், அதைத் தூக்கி ஒரு பித்தளைச் சட்டிக்குள் வைத்தார். சட்டி பாடத் தொடங்கியது! சுற்றிவரக் குனிந்து கேட்பார்களாம் — ஒரே சட்டியில் கஞ்சி குடிக்க வந்தவர்கள் மாதிரி.

அந்தச் சட்டிக்குள் அப்போது வந்தது எல்லாம் இங்கிலீஷ். பாண்ட் வாத்தியம், லண்டன் நேரம், தேயிலை விலை.

பிறகு தமிழ் வந்தது. எப்படி வந்தது? இசைத்தட்டாக வந்தது. கப்பலில் வந்து இறங்கி, ஊசியின் கீழே சுழன்று, பாடிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தமிழில் ஒரு மனிதக் குரல் கேட்டது. அன்றைக்கு நானாவின் கடையில் யாரோ சட்டிக்கு வணக்கம் சொன்னார்களாம்! பிறகு அரை மணி தந்தார்கள். சண்டை வந்தது, அறிவிப்புகள் பெருகின. எங்கள் பிள்ளைகளும் மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஸ்டேஷனின் சரித்திரம் முழுவதிலும் தமிழ் ஒரு விருந்தாளியாகத்தான் வந்திருக்கிறது. பெட்டி படுக்கையோடு, மடிப்புக் கலையாத உடுப்போடு, சபைக்கூச்சத்தோடு. கொழும்பில் நாங்கள் கதைக்கிற தமிழ் — வெள்ளவத்தைக் குசினியில், கொட்டாஞ்சேனைக் கடையில், கிருலப்பனை பஸ்ஸில் புழங்குகிற தமிழ் — அது மட்டும் வாசலில் செருப்போடு நிற்கிறது.

நிறுத்தி வைத்திருப்பவர் யார்? வெள்ளைக்காரனா? இல்லை, அதுதான் வேடிக்கை.

அக்காவுக்கு மேலே ஒரு அதிகாரி. அவரை 'ஐயா' என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். சென்னையில் படித்தவர். படிப்பு முடிந்து கப்பலேறும்போது அவர் நாக்கு ஏற மறந்துவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. பொறுமையாக இருக்கும் வரைக்கும் அவர் பேசுவது மேடைத் தமிழ். 'அன்பு கூர்ந்து அமருங்கள்' என்பார். கோபம் வந்துவிட்டால் மட்டும் ஊர் வந்துவிடும்... பருத்தித்துறைச் சந்தைக்குள் நிற்பது போல இருக்கும்.

ஸ்டூடியோவில் அவர் விதித்த தடைகள் பல. 'ஓம்' கூடாது, 'ஆம்' என்க. 'கதைத்தார்' கூடாது, 'உரையாடினார்' என்க. உள்ளி? அதைக் குசினிக்குள்ளேயே வைத்துக்கொள்க.

அக்கா அன்றைக்கே அவரிடம் போனாள். நானும் கூடப் போனேன். 'மாணவர் நேரம்' நிகழ்ச்சியில் பதினைந்து நிமிடம் பேசுவதற்கு எனக்கு ஒரு ஸ்கிரிப்ட் பாஸாக வேண்டியிருந்தது.

"சேர், சனத்துக்கு விளங்கேல்லை. அடுத்த முறை உள்ளி எண்டு போடுவமே?"

"அம்மா," என்றார் ஐயா, மேடைத் தமிழில். "நமது ஒலி சென்னை வரைக்கும் செல்கிறது. அங்குள்ளோர் கேட்டால் நகைக்க மாட்டார்களா?"

"சென்னைக்காரர் வெள்ளவத்தைக் கடைக்கு க்யூவுக்கு வரமாட்டினம், சேர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமினேன். ஐயா என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் இருமினேன்.

ஆனால் மனிதர் முட்டாள் இல்லை. நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். "கொட்டாஞ்சேனையில் திருநெல்வேலி வணிகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உள்ளி என்றால் வெங்காயம். அவர்களுக்கு என்ன பதில்?"

அக்கா அதற்கும் தயாராக இருந்தாள். "ரெண்டையும் சொல்லுவம், சேர். 'வெள்ளைப்பூண்டு, அதாவது உள்ளி.' ஒருத்தரும் வெளியில நிக்கத் தேவையில்லை."

"ஒரு பொருளுக்கு இரு பெயர்களா? இது ஒலிபரப்பு நிலையம், அம்மா. நிகண்டு அல்ல." பிறகு குரல் தணிந்தது. "உங்கள் நியமனம் இன்னும் தற்காலிகம்தான். அதை நிரந்தரமாக்கும் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு சொல் மாறினாலும் அந்தத் தாளில் என் கையெழுத்து இராது. புரிகிறதா?"

புரியாமல் என்ன? பெரியப்பா காலமாகிவிட்டார். தங்கத்தின் புருஷன் திருகோணமலையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டின் அடுப்பு எரிவது அக்காவின் குரலில்தான்.

அடுத்த கிழமையே மறுபடி ஒரு அறிவிப்பு. மறுநாள் காலை கடைகளில் வழங்கப்படும்... அதே சாமான். ஸ்கிரிப்டில் அதே 'பூண்டு'.

அன்று மாலைதான் என் மாணவர் நேரமும். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் சேர்ந்து போனோம். ஜன்னலுக்கு வெளியே கடல். அக்கா ஸ்கிரிப்டைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, என்ன செய்யப் போறியள்?"

"வாசிக்கப் போறன்."

"எதை?"

"சனத்துக்கு விளங்கிறதை."

"வேலை போனால்?"

"போனா என்ன, உன்னைப் போல பேப்பரில அலட்டுவன். அதுக்குப் படிப்புத் தேவையில்லைத்தானே?"

கொள்ளுப்பிட்டி தாண்டும்போது பகிடி நின்றுவிட்டது. அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள்: "டேய், அண்டைக்கு வாசிக்கேக்க எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமே? எங்கட வீட்டுக்கு உள்ளி வரப் போகுது, நானே சொல்லுறன் எண்டு. கடைசியில என்ர சொந்த அம்மாவுக்கே விளங்காத பாசையில வாசிச்சிருக்கிறன். பிறகேன் எனக்கு மைக்?"

கேள்வி நியாயம்தான். உங்களிடம் பதில் இருக்கிறதா?

ஸ்டூடியோவுக்குள் போனால் — ஐயா! அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காவல். எனக்கு மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. கண்ணாடிக்கு அப்பால் எஞ்சினியர். பறங்கிக்காரர், தங்கமான மனிதர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம்' மட்டும்.

மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாவிகள். சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல, மேலும் கீழும் தட்டுகிற சுவிட்சுக்கு ஸ்டூடியோவில் அப்படிப் பெயர். ஒன்று மைக்குக்கு. மற்றது கிராமஃபோனுக்கு. மைக் உயிரோடு இருந்தால் சுவரில் சிவப்பு பல்ப் எரியும். அந்த பல்ப், ஐயாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டு ஓய்ந்தது. அக்கா மைக்கைத் திறந்தாள். சிவப்பு.

"...நாளை காலை கூட்டுறவுப் பண்டகசாலைகளில் பூண்டு, அதாவது—"

அவ்வளவுதான். ஐயாவின் கை பாய்ந்தது. டக்கென்று ஒரு சாவியைத் தட்டினார். தட்டியது எதை? கிராமஃபோன் சாவியை!

மைக்கை அடைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மனிதர் எழுந்து நின்றார். ஊர் வந்துவிட்டது.

"எத்தினை தரம் சொன்னனான் உமக்கு! உள்ளி எண்டு சொல்லாதையும் எண்டு சொன்னனானோ இல்லையோ? பூண்டு எண்டு எழுதிக் கிடந்தா பூண்டு எண்டு வாசியும்!"

"சேர்..." என்றாள் அக்கா, மிக மெதுவாக.

"கதையாதையும்! உள்ளியாம் உள்ளி! நாளைக்குக் கடையில உள்ளி குடுக்கினமெண்டா அதைக் குடுக்கிறவை குடுப்பினம், வாங்கிறவை வாங்குவினம். உமக்கென்ன? வீட்டில கொம்மாவோட கதைக்கேக்க உள்ளி எண்டு கதையும். இஞ்ச கதையாதையும்!"

நான் மூலையிலிருந்து கையைத் தூக்கி பல்பைக் காட்டினேன்.

"நீர் கையை இறக்கும் தம்பி! உமக்கும் உள்ளி வேணுமோ?"

கண்ணாடிக்கு அப்பால் எஞ்சினியர் ரசித்துக்கொண்டிருந்தார். நாடகம் என்று நினைத்துவிட்டார்! ஐயாவின் குரல் உச்சிக்குப் போனபோது, ஒலி உடையாமல் இருக்கப் பதமாக ஒரு திருகைத் திருகிச் சரிசெய்தார். கட்டை விரலை உயர்த்தி எங்களுக்குச் சைகையும் காட்டினார். பிரமாதம்!

அந்தக் கட்டை விரலைப் பார்த்த பிறகுதான் ஐயா திரும்பினார்.

சிவப்பு.

அவர் முகம் அந்த பல்பை விடச் சிவந்ததா, வெளுத்ததா... என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா மட்டும் அசையவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

"...காலை கடை திறந்ததிலிருந்து கூப்பனுக்கு வழங்கப்படும். இத்துடன் அறிவிப்புகள் முடிவடைந்தன. வணக்கம்."

மறுநாள் விடியும்போதே லேன் முழுக்கப் பைகள். ஒருவர் மிச்சமில்லை. அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். காலிவீதி வரை க்யூ. தெஹிவளையிலும் அப்படியாம். கொட்டாஞ்சேனைக்கு அன்று மாலை போனேன். ஷெரீப் நானா என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, நேத்து ரேடியோல ஒரு நாடகம் போட்டாங்களே, அடி சக்கை! அந்த ஏசுற மனுசன் ஆரு? உள்ளி உள்ளிண்டு மனுசன் என்னமா ஏசினாரு! ரேடியோக்குள்ள இருந்து எங்கட ஊட்டு ஆக்கள் மாதிரி ஒருத்தர் பேசி நேத்துத்தான் கேட்டேன். பக்கத்துக் கடைத் திருநெல்வேலி ஆளுக்கும் வெளங்கிட்டு. முதல்ல பூண்டுண்டு சொல்லி, பொறகு உள்ளிக்கு ஏசினாங்களே. அப்ப ரெண்டும் ஒண்டுதானேண்டு அவரே சொன்னாரு."

கவனித்தீர்களா? ரெண்டையும் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும் என்று அக்கா சொன்னாளே... அதேதான் நடந்தது!

ஆனால் கதையின் உச்சம் அங்கே அல்ல. அன்று காலை, எங்கள் வெள்ளவத்தைக் கடையில்.

க்யூவில் பெரியம்மா. பெரியம்மாவுக்குப் பின்னால் நான். பெரியம்மாவுக்கு நேர் முன்னால் குடையும் கோட்டுமாக ஒருவர். ஐயா! காலிவீதிக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. வீட்டில் ஐயாவுக்கும் ஒரு ஐயா இருக்கிறார் போலும்... மனைவி அனுப்பியிருக்கிறார். நான் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பெரியம்மாவுக்கு அவரை முகம் தெரியாது.

அவர் முறை வந்தது. கடைக்காரர் சிங்களவர். "மொனவத ஓனே, மஹத்தயா?" என்றார். என்ன வேணும் ஐயா?

ஐயா முன்னே பார்த்தார். பின்னே பார்த்தார். பூண்டு என்றால் க்யூ சிரிக்கும். உள்ளி என்றால்... எப்படிச் சொல்வார்?

"சுதுலூனு," என்றார் மெதுவாக. சிங்களத்தில்!

தப்பிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பெரியம்மாவின் காதை மறந்துபோனேன்.

"இஞ்சேர்! இது நேத்து ரேடியோவில ஏசின குரலெல்லே!"

க்யூ முழுவதும் எட்டிப் பார்த்தது. யாரோ பின்னாலிருந்து, "எங்க, ஒருக்கா ஏசிக் காட்டச் சொல்லுங்கோ!" என்றார்கள். சிரிப்பு கடைசி ஆள் வரை ஓடியது.

பெரியம்மா சிரிக்கவில்லை. ஐயாவின் தோளைத் தொட்டார். "தம்பி, நான் பிள்ளை பெத்தவளுக்கு வாங்க வந்து நிக்கிறன். உம்மட புண்ணியத்திலதான் இண்டைக்கு எனக்கு விளங்கினது. எங்கட சொல்லுத்தானே... சொல்லும். உள்ளியோ?"

மனிதர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். பொட்டலத்தை வாங்கினார். திரும்பினார்.

"ஓமம்மா," என்றார். "உள்ளிதான்."

ஒரே வாயில் இரண்டு தடையும் உடைந்தன!

அக்காவின் வேலை? ஸ்டேஷனில் மேலிடம் விசாரித்தது. ஸ்கிரிப்டில் இல்லாத சொல்லை மைக்கில் சொன்னது யார்? எல்லோருக்கும் தெரியும், காற்றில் போன உள்ளி அத்தனையும் ஐயாவின் உள்ளி. அக்கா சொன்னது 'அதாவது' மட்டும். 'அதாவது' என்று சொன்னதற்காக ஒரு பெண்ணை எந்தச் சட்டத்தில் வீட்டுக்கு அனுப்புவீர்கள்? போன சனிக்கிழமை அந்தத் தாளில் ஐயாவின் கையெழுத்து விழுந்தது. அதே நாள் வந்த ஸ்கிரிப்டில் அக்கா எழுதிச் சேர்த்திருந்த 'அதாவது உள்ளி' அப்படியே இருந்தது. சொற்களை வெட்டுகிற ஐயாவின் நீலப் பென்சில் அதைத் தொடவில்லை.

சின்ன வெற்றி என்பீர்கள். இருக்கட்டும்! ரேடியோ லைசென்ஸுக்குக் காசு வாங்கும்போது எங்கள் தமிழ் எந்தத் தமிழ் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வைக்கும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்? சென்னைத் தமிழ் வரட்டும், தாராளமாக வரட்டும், நல்ல நாற்காலியாகப் போட்டு உட்கார வைப்போம். ஆனால் இது எங்கள் ஊர்க் காற்று. இதில் நாங்கள் விருந்தாளிகள் அல்ல. இன்றைக்கு ஒரு 'அதாவது' கிடைத்திருக்கிறது. அந்த 'அதாவது'வுக்குப் பின்னால் க்யூவில் நிற்கிற சொற்கள் எத்தனை தெரியுமா? ஒவ்வொன்றாக உள்ளே கூட்டிக்கொண்டு வருவோம். முடிந்தால் நிறுத்திப் பாருங்கள்!

கந்தையா அண்ணைக்கு மட்டும்தான் இதில் வருத்தம். நேற்றும் கேட்டார்: "அப்ப தம்பி, மாட்டுக்கு எப்பதான் பூண்டு குடுப்பினம்?"